மாடிப்படி மரக் கைப்பிடி: பெயிண்டை உரிப்பதா, மேலேயே அடிப்பதா?

கேள்வி: பிப்ரவரி 4, காலை

மயிலாடுதுறை பக்கம் கிராமத்தில் தாத்தா கட்டிய வீடு. கூடத்திலிருந்து மேலே போகும் மரப்படிக்கு ஒரு பக்கம் மரக் கைப்பிடி, அதன் கீழே வரிசையாகக் கடைசல் கால்கள். பொங்கலுக்குப் பொங்கல் பெயிண்ட் அடித்து அடித்துக் கடைசலின் வளைவே தெரியவில்லை. இட்லி மாவை மேலிருந்து ஊற்றியதுபோல் மொழுமொழுவென்று இருக்கிறது. உள்ளே இருப்பது கண்டிப்பாக பர்மா தேக்கு. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, மரம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட ஆசை. பெயிண்டர் "மேலேயே ரெண்டு கோட் அடிச்சிரலாம்" என்கிறார். ஆசாரி "கழட்டிப் போட்டுட்டு எஸ்.எஸ். பைப் வெச்சிருங்க" என்கிறார். கிரைண்டரில் உப்புத்தாள் சக்கரம் மாட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நண்பன் சொல்கிறான். செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா?

பிப்ரவரி 4, இரவு 9:40

நான் செய்திருக்கிறேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கைப்பிடி, 31 கடைசல் கால்கள். ஒரு மாசியில் தொடங்கினேன், முடித்தது அடுத்த வருஷம் ஆடியில். வேலை செய்த மாதங்களைவிட நிறுத்தி வைத்த மாதங்கள்தான் அதிகம்.

அந்த கிரைண்டரை மட்டும் தொடாதீர்கள் தம்பி. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன், கண் சொருகுகிறது. அதற்குள் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வீடு கட்டிய வருஷம் என்ன? வீட்டில் சின்னக் குழந்தையோ, பிள்ளை உண்டாகி இருப்பவர்களோ உண்டா?

பிப்ரவரி 5, காலை 6:15

1948 என்கிறீர்கள். அக்காவின் இரண்டு வயதுப் பையன் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் படி ஏறுகிறான் என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் ஈயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்கும். நிறம் பளிச்சென்று நிற்கவும், சீக்கிரம் காயவும் அதைச் சேர்த்தார்கள். மஞ்சளுக்கு ஈய குரோமேட். பச்சை என்றால் பெரும்பாலும் அதே மஞ்சளோடு நீலத்தைக் கலந்தது. நம் பக்கத்துப் பழைய கதவு, ஜன்னல், கிராதி எல்லாம் என்ன நிறம் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர் 1-ஆம் தேதிதான். அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. அதற்கு முன் அடித்த ஒவ்வொரு கோட்டையும் சந்தேகப்படத்தான் வேண்டும்.

பெயிண்ட் அப்படியே கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. அதைத் தூளாக்கும்போதுதான் வினை. கிரைண்டர் போட்டால் அந்தத் தூள் கூடம் முழுக்கப் பறந்து பாயில், தலையணையில், தண்ணீர்க் குடத்தின் விளிம்பில் எல்லாம் உட்கார்ந்துவிடும். தரையில் தவழ்கிற பிள்ளை கையை வாயில் வைக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் ஈயம் முதலில் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஒரு கோடே போட முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நான் செய்தது: ஈயம் பட்டால் சிவக்கும் சோதனைக் குச்சியை இணையத்தில் வாங்கினேன். ஒரு காலில் பிளேடால் சாய்வாகக் கீறி, எல்லா அடுக்கும் தெரிகிற மாதிரி வைத்துத் தேய்த்தேன். மேலே இருந்த ஐவரியில் ஒன்றுமில்லை. சாக்லேட் நிறத்தில் லேசாக ஏதோ. அடியில் இருந்த பச்சையில் குச்சி வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்துவிட்டது.

அன்றைக்கே பேத்தியை அவள் அம்மாவோடு ஊருக்கு அனுப்பிவிட்டேன். தாத்தா கோபித்துக்கொண்டார் என்று குழந்தை நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 5, மதியம்

காலையில் விட்டுப்போனது. வேலை செய்யும் இடத்தை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். படிக்குக் கீழே கெட்டி பிளாஸ்டிக் விரித்து, சுரண்டியது எல்லாவற்றையும் அதிலேயே மடித்துக் கட்டுங்கள். வேலை செய்த வேட்டியை வீட்டுத் துணியோடு துவைக்கப் போடாதீர்கள். சாப்பிட உட்காரும் முன் கை மட்டுமில்லை, முகமும் கழுவ வேண்டும். நடுநடுவே வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் அந்த வேலை முடியும் வரை விட்டுவிடுங்கள். எனக்கு இருந்தது.

பிப்ரவரி 9

"சரி, எதை வைத்துத்தான் உரிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காஸ்டிக் சோடாவைக் கரைத்துப் பூசினால் பெயிண்ட் கழன்றுவிடும் என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மைதான். எனாமலில் இருக்கிற எண்ணெயை அது சோப்பாக மாற்றிவிடும், பிறகு பெயிண்ட் நிற்க வழியில்லை. மைதா பசையில் கலந்து அப்பினால் வழியாமல் நிற்கும் என்றும் சொன்னார். அதுவும் சரி. எந்தப் பாத்திரத்தில் கலக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பரணில் இருந்த பழைய அலுமினிய அன்னக்கூடையை எடுத்தேன். தண்ணீர் ஊற்றி, சோடாவைக் கொட்டினேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. அப்புறம் பொங்கியது பாருங்கள், தை முதல் நாள் பானை தோற்றுவிடும். சூடான நுரை, மூக்கைத் துளைக்கும் ஆவி, பாத்திரத்தைத் தொட முடியவில்லை. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். தின்னும்போது கிளம்புவது ஹைட்ரஜன், நெருப்புப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்க மாட்டான். கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். அன்னக்கூடையின் அடி சல்லடையாகிவிட்டது.

அது என் மாமியார் சீதனமாகக் கொடுத்தது. மேற்கொண்டு எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 10

பிளாஸ்டிக் வாளியில் கலந்தால் ஆகுமா என்று இன்னொருவர் கேட்கிறார். ஆகும். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். இவ்வளவு சொன்ன பிறகும் நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். வாளியில் கலந்து ஒரு காலில் போட்டுப் பார்த்தேன். பெயிண்ட் வந்தது. ஆனால் தேக்கு கறுத்துப்போய், நார் நாராக எழும்பி நின்றது. வினிகர் விட்டுத் துடைத்து, காயவைத்து, தேய்த்த பிறகும் அந்த ஒரு கால் மட்டும் மற்றவற்றைவிட ஒரு மடங்கு கறுப்பாகவே இருந்தது. மரத்தில் இருக்கிற துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுக்கும் என்று ஆசாரி சொன்னார். கீழிருந்து நான்காவது கால் அது.

பிப்ரவரி 16

மற்ற வழிகள்.

கடையில் டப்பாவில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவர். கெட்டியாக ஒரே பக்கமாகப் பூசிவிட்டு விட வேண்டும், பிரஷ்ஷால் முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மூடினால் சீக்கிரம் உலராது. 20 நிமிஷத்தில் மேல் அடுக்குகள் சுருங்கி எழும்பும். சில டப்பாக்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. வேகமாக வேலை செய்யும், ஆளையும் வேகமாகச் சாய்த்துவிடும். வீட்டில் ஆட்கள் தாங்களே பெயிண்ட் உரிப்பதற்கு அதை விற்பதை அமெரிக்காவில் 2019-இல் தடை செய்தார்கள். டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள். வேறு எதுவானாலும் கதவு ஜன்னலைத் திறந்து வைத்துத்தான்.

ஹீட் கன். எனக்குப் பிடித்தது இதுதான். பெயிண்ட் அப்பளம்போல் உப்பும், உப்பிய அடுத்த நொடி பட்டித் தகட்டால் தள்ளினால் நாலு அடுக்கும் சேர்ந்து ஒரே தோலாக வரும். கைப்பிடியின் மேல்பக்கத்தை இரண்டு பகலில் முடித்தேன். ஆனால் சூட்டைக் குறைவாகவே வைக்க வேண்டும். 500 டிகிரிக்கு மேல் கொண்டுபோகவே வேண்டாம், கூடக்கூட ஈயமே ஆவியாகக் கிளம்பும். பெயிண்டர்கள் வைத்திருக்கும் மண்ணெண்ணெய் ஊதுவிளக்கை நான் சொல்லவில்லை. அது நெருப்பு, மரத்தையும் கருக்கிவிடும். ஹீட் கன்னைக் கடைசல் காலின் மெல்லிய கழுத்தில் காட்டிக்கொண்டே இருந்தால் அங்கேயும் கருகும். எங்கள் வீட்டில் இரண்டு கழுத்துகள் அப்படி.

உப்புத்தாள். ஈயம் இருக்கும் அடுக்கில் காய்ந்த உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாள் இருக்கிறது, அதை மட்டும்.

பிப்ரவரி 16, இரவு

மேலே ஒன்று விட்டுவிட்டேன். என்-95 மாஸ்க் போட்டால் போதும் என்று யாரோ பதில் போட்டிருக்கிறார்கள். சாதாரணத் தூசிக்கு அது சரி, ரிமூவரின் ஆவிக்கு அது வெறும் துணி. ஆவியைப் பிடிக்கும் கரி அடைத்த டப்பா வைத்த முகமூடி வேறு. நானும் முதல் வாரம் என்-95-ஐ மாட்டிக்கொண்டு ரிமூவர் பூசி, சாயங்காலம் தலைவலியோடு படுத்தவன்தான்.

பிப்ரவரி 17

கடைசல் காலின் வளைவுகளில் எப்படித் தேய்ப்பது? தகடு நுழையாது, விரல் நுழையாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அத்தை. வயது 84. நான் துணி உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு பள்ளத்துக்குள் குடைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, மோர் கடையத் தெரியாதா உனக்கு?" என்றார். அவ்வளவுதான். துணியில் ஒட்டிய உப்புத்தாளை ஒரு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, காலின் பள்ளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்து மத்துக்கயிறு மாதிரி மாற்றி மாற்றி இழுத்தால் பள்ளம் முழுக்க ஒரே சீராக வந்துவிடுகிறது. ஈரம் காட்டிக்கொண்டே இழுங்கள். பெரிய பள்ளத்துக்கு அகல நாடா, நூல் வரிக்கு சணல் கயிறு.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். கடைசல் பட்டறையில் மரத்தைக் கடைந்து உண்டாக்கிய கால். மோரைக் கடைவதும் அதே கடைவதுதான். கயிறு இழுத்துச் சுற்றிய பட்டறையில் இந்தக் கால் எந்தப் பக்கம் சுழன்றதோ, அதே பக்கம்தான் இப்போது என் நாடாவும் போகிறது. தேய்த்த கோடு எல்லாம் உளி விட்ட கோட்டோடு ஒட்டிப் போவதால் கீறலே தெரியாது.

கைப்பிடியின் மேல்பக்கத்துக்கு உப்புத்தாளைவிட உடைந்த ஜன்னல் கண்ணாடிச் சில்லு மேல். பழைய ஆசாரிகள் அப்படித்தான் செய்வார்கள். சில்லைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் மரம் சுருள் சுருளாக வரும், தூசியே கிடையாது. மழுங்கினால் இன்னொரு சில்லு. தேக்கில் சிலிக்கா இருப்பதால் எந்த முனையும் அதில் சீக்கிரம் மழுங்கும். கையில் தடித்த துணி சுற்றிக்கொள்ளுங்கள். நான் சுற்றவில்லை, இடது பெருவிரலில் மூன்று தையல்.

மார்ச் 2

தம்பி, உங்கள் "கண்டிப்பாக பர்மா தேக்கு" பற்றி இன்று எழுதியே ஆக வேண்டும். நானும் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது கால்களை முழுதாக உரித்து வரிசையாகப் பார்த்தேன். ஐந்து தேக்கு. மூன்று செக்கச் சிவந்து கறுத்த பழுப்பு, நெருக்கமான வரி. ஒன்று மஞ்சள். ஆசாரியைக் கூப்பிட்டேன். நகத்தால் கீறிப் பார்த்தார், மோந்து பார்த்தார், சிரித்தார். சிவப்பு பூவரசு, மஞ்சள் பலா. "கொல்லை மரம் சார்" என்றார்.

அடுக்குகளைத் திரும்பப் பார்த்தேன். தேக்குக் கால்களில் பச்சைக்கு அடியில் தேன் நிறத்தில் மெல்லிய பாலிஷ் ஒன்று இருக்கிறது. பூவரசிலும் பலாவிலும் அது இல்லை, மரத்தின் மேல் நேராகப் பச்சைதான். அதாவது முதலில் இது பாலிஷ் போட்ட தேக்குக் கைப்பிடி. பிறகு எப்போதோ நாலு கால் போய், ஊரில் கிடைத்த மரத்தில் கடைந்து மாட்டி, ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்க மொத்தத்துக்கும் பச்சை அடித்திருக்கிறார்கள்.

அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த பீரோ" என்றார். அவர் கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, அது படியில் சறுக்கிக்கொண்டு கீழே வந்ததாம். நாலு காலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கல்யாண வீட்டில் அபசகுனம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. நாலே நாளில் புதுக்கால், பச்சைப் பெயிண்ட். மாப்பிள்ளை வீட்டார் "பெயிண்ட் எல்லாம் புதுசா அடிச்சிருக்காங்களே" என்று மெச்சிக்கொண்டார்களாம்.

மெச்சிய மாப்பிள்ளையே பிற்பாடு அதே பீரோவின் சாவியை ஆயுசு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார், அது வேறு கதை.

மார்ச் 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ உரிக்கவே வேண்டாமா?" என்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, இன்னும் முடிவுக்கே வரவில்லை. ஒன்று மட்டும் யோசியுங்கள். 1942-இல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து தேக்கு வருவது நின்றுபோனது. உங்கள் தாத்தா வீடு 1948. பழைய மரத்தை வாங்கிப் போட்டிருக்கலாம், மலபார் தேக்காக இருக்கலாம், வாய்க்கால் ஓரத்துப் பூவரசாகவும் இருக்கலாம். படியில் ஏறும்போது கண்ணில் படாத மூலையில், கடைசிக் காலின் பின்பக்கம், தீப்பெட்டி அளவு இடத்தை உரித்துப் பாருங்கள். ஒரு காலில் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம், நாலைந்தில் பாருங்கள்.

பூவரசு மட்டமான மரம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கம் மாட்டு வண்டிக்கே அதுதான். ஆற்றோரத்தில் தானாக நிற்கும். சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாதவன் நம் பக்கத்தில் உண்டா?

மார்ச் 11

உங்கள் வீட்டில் இரண்டு கால் உளுத்துப்போயிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெயிண்ட் கடைப் பட்டியை வைத்து அடைக்காதீர்கள், புதிதாகக் கடைந்துவிடுங்கள். எனக்கும் ஒன்று அப்படி. மன்னார்குடிப் பக்கம் தங்கை வீட்டுக் கொல்லையில் 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்த பூவரசை அறுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒரு துண்டு வாங்கி வந்து கடைந்தேன். மாதிரிக்குப் பக்கத்துக் காலைக் கழற்றிக் கொடுத்தால் பட்டறைக்காரர் அச்சாகக் கடைந்து தருவார், ஆனால் பெயிண்டை உரித்துவிட்டுக் கொடுங்கள். நான் பெயிண்டோடு கொடுத்தேன், கழுத்து தடித்துத் தவலை மாதிரி வந்தது.

ஏப்ரல் 6

முடிவுக்கு வந்த கதை.

பூவரசுக்கும் பலாவுக்கும் சாயம் ஏற்றித் தேக்கு நிறத்துக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு மாதம் பாடுபட்டேன். நிறம் வந்தது, வரி வரவில்லை. தலைக்குச் சாயம் பூசிய கிழவனை எந்த வெளிச்சத்திலும் கண்டுபிடித்துவிடலாம் இல்லையா, அது மாதிரி. காஸ்டிக் பட்ட நான்காவது கால் வேறு தனியாக முறைத்துக்கொண்டு நின்றது.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் இல்லை. இருட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கண்ணாடிச் சில்லால் இழைத்த மேல்கட்டை உள்ளங்கைக்குக் கீழே வழவழவென்று ஓடியது. அது மட்டும் கீழிருந்து மேல்வரை ஒரே தேக்கு, ஒட்டே கிடையாது. பீரோவுக்கும் தப்பியது. கை படுகிற இடம் அதுதான், காலை யார் தடவிப் பார்க்கிறார்கள்?

அதனால் கைப்பிடிக் கட்டையும் கீழ்த்தூணின் குமிழும் மரமாகவே இருக்கட்டும், கால்கள் எல்லாம் திரும்பப் பெயிண்ட். மீதியிருந்த 22 கால்களை முழுதாக உரிக்கவே இல்லை. பொரிந்து நின்ற இடத்தை மட்டும் ஈரமாகத் தேய்த்துச் சமன்படுத்தினேன். கெட்டியாக ஒட்டியிருக்கிற ஈயப் பெயிண்டைக் கிளறாமல் மேலே நல்ல பெயிண்ட் போட்டு மூடுவதும் ஒரு வழிதான், குழந்தை இருக்கும் வீட்டில் பல சமயம் அதுவே நல்ல வழி. உங்கள் பெயிண்டர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஏப்ரல் 7

மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், மேலேயே அடிப்பதற்கும் ஒரு முறை உண்டு.

முதலில் கழுவுங்கள். தேய்ப்பதற்கு முன்னால். தலைக்கு எண்ணெய் வைத்த கை, வடை சாப்பிட்ட கை, விளக்குக்கு எண்ணெய் விட்ட கை, இத்தனையும் எழுபது வருஷமாகப் பட்ட கட்டை அது. எண்ணெயோடு தேய்த்தால் அதை இன்னும் உள்ளே ஏற்றுகிறீர்கள். வெந்நீரில் சலவை சோடா போட்டு இரண்டு முறை, பிறகு வெறும் தண்ணீர், பிறகு இரண்டு நாள் காயவிட வேண்டும்.

அடுத்தது, பழைய பெயிண்ட் நிற்குமா என்று பாருங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டம் கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் டேப்போடு வந்தால் அதன் மேல் என்ன அடித்தாலும் நிற்காது. எங்கள் வீட்டில் மேல் கோட் தோல் தோலாக வந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தால் கரைந்தது, ஆகவே அது எனாமலே இல்லை, எமல்ஷன். சுவருக்கு வாங்கியதில் மிச்சத்தை யாரோ கைப்பிடியிலும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். 2009-இல். இழைத்த உப்புத்தாளைவிட அதுதான் உறுத்தியது.

மரம் வெளியே தெரியும் இடத்துக்கு மரப் பிரைமர் ஒரு கோட், நன்றாகக் காயவிட்டு எனாமல் மெல்லியதாக இரண்டு கோட். தடிமனாக ஒரே கோட் போட்டால் பழைய இட்லி மாவுதான். பெயிண்டர் எனாமலில் என்ன கலக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எங்களுக்கு வந்தவர் டர்பன்டைனுக்குக் காசு வாங்கிக்கொண்டு மண்ணெண்ணெய் கலந்தார். மூன்றாம் நாளும் கால் பிசுபிசுவென்று இருந்தபோதுதான் வாடையை வைத்துக் கண்டுபிடித்தேன். ஏழு கால் வரை அடித்திருந்தார்.

நிறம்: வெள்ளை வாங்காதீர்கள். வெளிச்சம் குறைந்த படிக்கட்டில் எண்ணெய்ப் பெயிண்ட் வெள்ளை தானாகவே மஞ்சளடித்துவிடும். நேராக ஐவரியே வாங்கிவிட்டால் ஏமாற்றம் இல்லை. நான் மறுபடி பச்சையே அடித்தேன், ஈயமில்லாத பச்சை. அத்தை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பீரோ இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 20

கைப்பிடிக்கு என்ன போட்டேன் என்று கேட்டவருக்கு. மூன்று முறை போட்டேன்.

முதலில் ஆளிவிதை எண்ணெய். பச்சை எண்ணெயை வாங்கிவிட்டேன், காய்ச்சியது வேறு டப்பா. பச்சை எண்ணெய் உலர நாள் கணக்கில் ஆகும், அதற்குள் கூடத்துத் தூசி முழுக்க அதில் ஒட்டிக்கொண்டது. போதாததற்கு நம் ஈரக் காற்றில் அங்கங்கே பூஞ்சை.

அதைத் துடைத்துவிட்டு அரக்குப் பாலிஷ், ஃப்ரெஞ்ச் பாலிஷ் என்பார்களே அது. பங்குனி வெயிலில் போட்டது, அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஐப்பசி மழையில் கைப்பிடி முழுக்கப் பால் சிந்தியதுபோல் வெளுத்துவிட்டது. அரக்குக்கு ஈரம் ஆகாது. சூடான காப்பி டம்ளரை வைத்தாலும் வட்டம் விழும், என் மகன் வைத்தான்.

கடைசியில் பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ், பளபளப்பு இல்லாதது, மூன்று மெல்லிய கோட். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் வார்னிஷ் சில சமயம் காயாமல் அடம்பிடிக்கும். போடுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் போட வேண்டும். இதுதான் இப்போது இருக்கிறது.

ஏப்ரல் 20, அரை மணி கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். உலரும்போது சூடாகித் தானே தீப்பிடிக்கும். கதை இல்லை, உண்மை. தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

ஜூன் 14

மேட்டூரில் தண்ணீர் திறப்பது, குறுவை நாற்றங்கால் என்று உங்களுக்கு வேலை வந்துவிட்டது, கைப்பிடி பாதியில் நிற்கிறது என்கிறீர்கள். நிற்கட்டும். பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், பையன் கைவைக்காமல் இருக்க. நாலு காலில் பார்த்ததில் மூன்று வேம்பு, ஒன்று தேக்கு என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். தாத்தாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நவம்பர் 19

மழை பிடித்துக்கொண்டது. இப்போது எனாமல் அடிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எட்டு மணி நேரத்தில் காய வேண்டியது மூன்று நாளானாலும் விரல் ஒட்டும். தை வரட்டும். கையில் பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு பொறுமையாக இருப்பது கஷ்டம்தான்.

ஜனவரி 12

நாளை மறுநாள் போகி. கழற்றிய பழைய கால்களைக் கொளுத்தப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வெந்நீர் அடுப்புக்கும் வேண்டாம். பெயிண்டில் இருக்கிற ஈயம் புகையிலும் சாம்பலிலும் போய்ச் சேரும், நம் ஊரில் அந்தச் சாம்பலை எடுத்துக் கீரைப் பாத்திக்குப் போடுகிறவர்களும் உண்டு. நான் என் உளுத்த காலை உரித்த தோலோடு சேர்த்துக் கெட்டிப் பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன், அன்னக்கூடை இருந்த இடத்தில்.

பெயிண்டைப் பொங்கல் கழித்துத் தொடங்குங்கள். நானும் ஒரு வேலை பாக்கி வைத்திருக்கிறேன். மண்ணெண்ணெய் அடித்த ஏழு காலில் ஆறைத் துடைத்துத் திரும்ப அடித்துவிட்டேன். மேலே திரும்பும் இடத்தில் இருக்கிற ஏழாவது இன்னும் லேசாக ஒட்டுகிறது. பேத்தி அதில் விரலை வைத்து வைத்துப் பார்த்து, வரிசையாக நாலு ரேகை பதித்திருக்கிறாள். அதை அப்படியே விட்டுவிடலாமா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம்.